முன்னால் வந்த ஜீரோ

உங்கள் மேசையில் பழைய கால்குலேட்டர் ஒன்று கிடக்குமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். போன் வேண்டாம். போனில் எண்கள் வளைந்து நெளிந்து அழகாக இருக்கும். எனக்கு வேண்டியது குச்சி குச்சியாக எண் காட்டும் கால்குலேட்டர். அதில் எட்டை அழுத்திப் பாருங்கள். ஏழு குச்சிகள் தெரியும். இந்த ஏழு குச்சிகளோடுதான் என் உத்தியோகம் முழுவதும் கழிந்தது.

ஆம்பூர் பக்கத்துத் தோல் தொழிற்சாலை ஒன்றில் கருவிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதே பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சர்க்யூட் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. அதெல்லாம் கருவியோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அதற்கு முதலில் நஸீமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நஸீமா ஆம்பூர்க்காரி. கணிதத்தில் பட்டம் வாங்கியவள். எங்கள் ஃபேக்டரியில், பதனிட்டு முடித்த தோலின் பரப்பளவை அளக்கும் மெஷினுக்குப் பொறுப்பாக இருந்தாள். தோலை மெஷினுக்குள் விட்டால் அது உருண்டு மறுபக்கம் வரும்போது, எத்தனை சதுர அடி என்று மேலே சிவப்பு எழுத்தில் காட்டும். அந்த அளவைத் தோலின் பின்பக்கம் முத்திரை குத்துவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு காலையில் அவளிடமிருந்து ஆள் வந்தது. டிஸ்ப்ளே கெட்டுவிட்டதாம். வேலூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்போடு கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"ரெண்டும் சைபரும் ஒடஞ்சு தெரியுதுங்க" என்றாள்.

பார்த்தேன். புள்ளிக்கு முந்தைய இலக்கத்தில், கீழே இடப்பக்கக் குச்சி எரியவில்லை. "சின்ன வேலைதான். மதியம் மாத்திடறேன். அதுவரைக்கும் ஓட்டுங்க, ஒடஞ்சது என்ன எண்ணுன்னு பாத்தாலே தெரியுதே" என்றேன்.

"ஒடஞ்சது தெரியுது. ஒடையாதது?"

எனக்குப் புரியவில்லை.

"காலையிலேர்ந்து ஒரு எட்டு வரலீங்க. ஒரு ஆறும் வரல. ஒம்போதும் அஞ்சும் மட்டும் ஜாஸ்தியா வருது. எட்டுல அந்தக் குச்சி போனா நல்ல ஒம்போதாயிடுது. ஆறுல போனா நல்ல அஞ்சு. ரெண்டும் சைபரும் தன் காயத்தக் காட்டுது. எட்டும் ஆறும் ஒடையாத மாதிரியே நின்னு பொய் சொல்லுது."

மெஷினை அப்போதே நிறுத்தினேன். காலையில் முத்திரை குத்திய தோல்களையெல்லாம் மறுபடி அளக்கச் சொல்லிவிட்டு, அவள் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குச்சியை மாற்றினேன். அன்றைக்குத் தொடங்கியது எங்கள் சிநேகம். வாரம் திரும்புவதற்குள் 'ங்க' போய் 'டி' வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காக லைன் நிற்கும். தோல் ஊறும் டிரம் சுற்றும் சத்தம் அடங்கி, ஃபேக்டரியே வேறு இடம் மாதிரி இருக்கும். நஸீமா பெண்கள் அறையில் தொழுதுவிட்டு முன்னாடியே வந்துவிடுவாள். இரண்டு பேரும் அளவை மெஷினின் ஓரத்தில் உட்கார்ந்து, தோல் கட்டும் பழுப்புக் காகிதத்தில் எண் விளையாட்டு விளையாடுவோம். ஒரு எண்ணைக் காட்ட எத்தனை குச்சி எரிய வேண்டும் என்பதுதான் கணக்கு. ஜீரோவில் தொடங்கி ஒன்பது வரை வரிசையாக எழுதினால் 6, 2, 5, 5, 4, 5, 6, 3, 7, 6 என்று வரும். கிடைத்த எண்ணிக்கைக்கு மறுபடி குச்சி எண்ண வேண்டும். எட்டுக்கு ஏழு, ஏழுக்கு மூன்று, மூன்றுக்கு ஐந்து. ஐந்துக்கு ஐந்தேதான், அங்கே நின்றுவிடும். எண்பத்தெட்டில் தொடங்கினால் பதினான்கு, அதிலிருந்து ஆறு. ஆறுக்கு ஆறு குச்சி, அங்கே நின்றுவிடும். எத்தனை பெரிய எண்ணை எடுத்தாலும் கடைசியில் நான்கிலோ ஐந்திலோ ஆறிலோதான் போய் உட்காரும். இதிலிருந்து தப்பிக்கிற எண் ஒன்றாவது இருக்காதா என்று பஸ் நம்பர், லாரி நம்பர் எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்போம். இருக்காது என்று நஸீமா கணக்குப் போட்டு நிரூபித்த பிறகும், ஆசைக்காகப் போட்டுப் பார்ப்போம்.

ஒருநாள் என் கால்குலேட்டரை வாங்கிப் பார்த்தவள் சிரித்தாள். "இன்னாடி வசந்தி, உன் கால்குலேட்டர்ல ஏழுக்கு மீச முளைச்சிருக்குது!" ஆமாம். எங்கள் மெஷினில் ஏழுக்கு மூன்று குச்சி. என் கால்குலேட்டரில் இடப்பக்கம் ஒரு சின்னக் குச்சி கூடுதலாக இருந்தது. ஆக, அதன்படி எட்டு ஏழுக்குப் போய், ஏழு நான்கில் நின்றுவிடும். மெஷினுக்கு மெஷின் எண்ணின் உருவம் மாறும், வரிசையும் மாறும். அந்தப் பழுப்புக் காகிதத்தை எடுத்து இரண்டு பத்தியாகப் பிரித்து, இது மெஷின் வரிசை, இது கால்குலேட்டர் வரிசை என்று எழுதிக்கொண்டோம். யாராவது பார்த்தால் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அடுத்து வந்தது தலைகீழ் வரிசை. டிஸ்ப்ளேயைத் தலைகீழாகத் திருப்பினாலும் எண்ணாகவே நிற்கிற எண்கள் எவை? ஜீரோ, ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு இவை மாறுவதில்லை. ஆறு ஒன்பதாகும், ஒன்பது ஆறாகும். ஒன்று மட்டும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தாவும், ஆனாலும் ஒன்றுதான். பன்னிரண்டைத் திருப்பினால் இருபத்தொன்று. பதினாறைத் திருப்பினால் தொண்ணூற்றொன்று. இதுவரை தகராறு இல்லை. பத்தில்தான் சண்டை வந்தது.

"பத்தத் திருப்பினா முன்னாடி ஜீரோ வந்து நிக்குது. அது எண்ணே இல்ல. வரிசையில சேக்காத" என்றாள் நஸீமா.

"உன் மெஷின்ல எட்டே கால் சதுர அடிக்கு முன்னாடி ஜீரோ காட்டுதே, அது எண் இல்லியா?"

"அது இந்த மெஷினுக்கு. உன் கேஸ் மீட்டர் காட்டுமா?"

கேஸ் மீட்டர் என்று அவள் சொன்னது, கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சின்னப் பெட்டியை. இரண்டு இலக்கம் காட்டும். எடுத்து வந்து பார்த்தேன். ஒற்றை இலக்கம் என்றால் முன்னால் ஜீரோ காட்டாது. அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். அவள்தான் ஜெயித்தாள். கேஸ் மீட்டர் வரிசை என்று மூன்றாவதாக ஒரு பத்தி போட்டு, அதில் பத்தையும் இருபதையும் ஐம்பதையும் அறுபதையும் எண்பதையும் தொண்ணூறையும் அடித்தோம். கேண்டீன் டீ என் செலவு.

எதற்கு இவ்வளவு கதை என்று நினைப்பீர்கள். இனிதான் சொல்லப் போகிறேன்.

அது ஒரு மழைக்காலம். இரண்டு நாளாக விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மதிய நேரத்தில் கழிவுநீர்த் தொட்டியில் இருந்த பம்ப் நின்றுவிட்டது. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் ஏறினால் மதில் தாண்டித் தெருக் கால்வாயில் கலக்கும். பக்கத்துத் தெருவில் வீடுகள். பம்பைத் தூக்கும் சங்கிலி உள்ளே எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது. யாராவது ஏணியில் பாதி தூரம் இறங்கி அதை விடுவிக்க வேண்டும்.

தோல் ஃபேக்டரித் தொட்டியில் இருக்கும் வாயு எப்படிப்பட்டது என்பதை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். இறங்கியவன் வாயு போய்விட்டது என்று நினைத்து இன்னும் இறங்குவான். அவ்வளவுதான். இந்தப் பக்கத்தில் எத்தனை குடும்பங்களுக்கு இதைக் கேட்டாலே முகம் மாறும் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் பராமரிப்பு சூப்பர்வைசர் அவசரத்தில் விதியை விடுகிற ஆள் இல்லை. மீட்டர் வைத்துப் பார்க்காமல், இடுப்பில் கயிறு கட்டாமல் யாரையும் இறங்க விட்டதில்லை. அன்றைக்கும் விடவில்லை. இறங்க வேண்டியவர் ஃபிட்டர் ஏழுமலை. ஒல்லியான, யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர். அவர் இடுப்பில் சூப்பர்வைசரே கயிறு கட்டினார். மழை படாமல் இருக்க மீட்டரை பிளாஸ்டிக் கவரில் சுற்றினார். எண் தெரியும் கண்ணாடி மட்டும்தான் வெளியே தெரிந்தது. தொட்டியின் விளிம்பில் பெட்டியை வைத்து, வாயுவை உணரும் நுனி கொண்ட அதன் வயரை உள்ளே இறக்கினார். கயிற்றைக் கட்ட வேண்டிய இரும்புத் தூண் தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தது. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்க் கயிற்றைத் தூணில் ஒரு சுற்று சுற்றிப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்தே குனிந்து மீட்டரைப் படித்தார்.

நான் கொஞ்ச தூரத்தில் பம்பின் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் மீட்டரின் அலாரம் யார் காதிலும் விழவில்லை. ஆனால் சூப்பர்வைசரின் குரல் விழுந்தது. தொண்டை கிழியக் கத்தினார்.

"ஜீரோ சிக்ஸ்! எறங்கு ஏழுமல!"

பத்து வரை இறங்கலாம் என்பது எங்கள் ஃபேக்டரி விதி. ஆறு என்றால் பயமில்லை. என் கை ஸ்குரூவைத் திருகிக்கொண்டே இருந்தது. அப்புறம் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று எனக்கே அந்த நொடியில் தெரியவில்லை. ஆறு சரி. அதற்கு முன்னால் ஜீரோ எங்கிருந்து வந்தது? அந்த மீட்டர் ஜீரோ காட்டாதே. அந்த மீட்டரில் ஜீரோ சிக்ஸ் என்று ஒரு எண்ணே கிடையாதே.

திரும்பிப் பார்த்தேன். மீட்டர் பெட்டி இந்தப் பக்கம் பார்த்து இருந்தது. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் நின்றிருந்தார். ஏழுமலை தோள்வரை தொட்டிக்குள் போய்விட்டார்.

எனக்கு உறுதியாகத் தெரியுமா என்று கேட்டால், தெரியாது. மழை இரைச்சலில் என் காதில் தவறாக விழுந்திருக்கலாம். பேச்சு வாக்கில் அவர் ஜீரோவைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நான் தடுத்து, தண்ணீர் தெருவுக்குப் போயிருந்தால் அந்தப் பேச்சு என் தலையில் விழுந்திருக்கும். அதையெல்லாம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். பிற்பாடு யோசித்தவை அவை. அப்போது ஸ்குரூடிரைவரைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"ஏறு! ஏழுமல, மேல ஏறு! சார், இழுங்க!"

"இன்னாம்மா? ஆறுதானே?"

"சார், மொதல்ல இழுங்க சார்! அப்பறம் சொல்றேன்!"

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் என்னிடம் காரணம் கேட்டு நிற்கவில்லை. தன்னைவிட வயதில் சிறியவள், வேறு பிரிவுக்காரி, எல்லார் முன்னாலும் கத்துகிறாளே என்று நினைக்கவில்லை. இழுத்தார். நானும் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன். ஏழுமலை ஏணியில் தடுமாறிக்கொண்டே மேலே வந்து, விளிம்பைத் தாண்டி மழைத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்தது.

"மொதல்ல நாத்தம் வந்துச்சு மேடம்" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "அப்பறம் நின்னுபோச்சு. சரியாய்ட்டுன்னு நெனச்சிட்டேன்."

சூப்பர்வைசர் இந்தப் பக்கம் சுற்றி வந்தார். விளிம்பில் இருந்த பெட்டியைப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து தலைகீழாக ஜீரோ சிக்ஸ்; இந்தப் பக்கத்திலிருந்து அது தொண்ணூறு.

பெட்டியைப் பார்த்தார், ஏழுமலையைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். பிறகு அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

ஏழுமலையைக் கம்பெனி வேனில் வேலூருக்குக் கொண்டுபோனோம். ஒரு இரவு ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். பம்பை மேலேயிருந்தே கப்பி கட்டித் தூக்கினார்கள். கொஞ்சம் தண்ணீர் தெருவுக்குப் போனது, போகட்டும். அன்று மாலை நஸீமாவிடம் சொன்னபோது அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவேயில்லை. பத்துக்காக நாங்கள் போட்ட சண்டையை இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

சூப்பர்வைசர் மறுநாளே மேனேஜரிடம் கேட்டு ஸ்டோருக்கு மாறிப் போய்விட்டார். போல்ட்டும் வாஷரும் எடுத்துக் கொடுக்கிற வேலை. அவரைப் போன்ற ஆளுக்கு அது வேலையே இல்லை. கேண்டீனுக்கும் வருவதில்லை. ஒருநாள் ஃப்யூஸ் வாங்கப் போனபோது, நான் கேட்காமலே சொன்னார். "என் கண்ணாலதான்மா பாத்தேன். என் வாயாலதான் எறங்குன்னு சொன்னேன்."

ஃப்யூஸை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நஸீமாவிடம் புலம்பினேன். பாவம் பேஜாராகிவிட்டார், இனி அந்த ஆள் எழுந்திருக்க மாட்டார் என்றேன். அவள் இரண்டு தோலை மெஷினில் விட்டாள். பிறகு கேட்டாள்.

"வசந்தி, அவரு இன்னான்னு கத்துனாரு?"

"ஜீரோ சிக்ஸ்னு."

"ஆறுன்னு கத்தியிருந்தா?"

நான் அவளையே பார்த்தேன்.

"ஆறுன்னு மட்டும் சொல்லியிருந்தா நீ ஸ்குரூவத் திருகிக்கினே இருந்திருப்ப. எல்லாரும் ஆறுன்னுதான் சொல்வாங்க. நானா இருந்தாலும் ஆறுன்னுதான் சொல்லியிருப்பேன். அவரு கண்ணுல தெரிஞ்சத அப்டியே சொன்னாரு. ஒரு ஜீரோவக்கூட முழுங்கல."

அன்றைக்கே இரண்டு பேரும் ஸ்டோருக்குப் போனோம். நஸீமாவைத்தான் பேச விட்டேன். என்னிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னாள். "ஏழுமலைய நிறுத்தினது வசந்தி இல்ல சார். நீங்க சொன்ன ஜீரோ" என்றாள். அவர் அலமாரியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, ஏற்கெனவே அடுக்கியிருந்த வாஷர் பொட்டலங்களை மறுபடி அடுக்கினார். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். ஒரு எண்ணைப் படித்துச் சொல்லும்போது புரிந்ததைச் சொல்லாதீர்கள், கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். முன்னால் ஜீரோ இருந்தால் ஜீரோவையும் சொல்லுங்கள். புள்ளி இருந்தால் புள்ளி எங்கே இருக்கிறது என்றும் சொல்லுங்கள். இது எதற்கு, கேட்பவருக்கே தெரியுமே என்று சுருக்கிவிட்டால், உங்கள் பார்வையில் இருக்கிற தப்பை வேறு யாராலும் பிடிக்க முடியாது. கேட்கிற பக்கம் நீங்கள் இருந்தால், உங்கள் கருவி எதைக் காட்டும், எதைக் காட்டவே காட்டாது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் முதலில் ஆளை வெளியே எடுங்கள். காரணம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். சந்தேகம் தப்பாகப் போனால் நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மழைக்காலம் முடிந்து தொட்டியை முழுதாகச் சுத்தம் செய்தார்கள். எல்லாவற்றையும் மெஷின் வைத்தே முடித்துவிட்டார்கள். சங்கிலி மாட்டும் கொக்கியை மட்டும் ஒரு ஆள் இறங்கித்தான் பொருத்த வேண்டியிருந்தது. அதற்குள் புது மீட்டர் வந்திருந்தது. சத்தமும் போடும், கையிலேயே அதிரவும் செய்யும். முகமூடி, கயிறு மாட்டும் தோள்பட்டை வார், காற்றடிக்கும் மெஷின் எல்லாம் வந்திருந்தன. இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துச் சொல்ல வேண்டும் என்று விதி. ஒருத்தி நான். இன்னொருவராகப் புது சூப்பர்வைசர் வந்து நின்றார்.

ஏழுமலை வாரை மாட்டிக்கொள்ளாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஸ்டோர்ல இருக்கிறாரே, அவரக் கூப்புடுங்க சார். அவரு பாத்து சொன்னாதான் எறங்குவேன்."

மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்பா, அன்னைக்கு உன்ன எறங்கச் சொன்னதே அவருதான்யா!"

"தெரியும் சார். அந்தத் தப்ப இனிமே பண்ணவே பண்ணாத ஆளு இந்தக் கம்பெனியில அவரு ஒருத்தருதான்."

ஆள் அனுப்பி அழைத்து வந்தார்கள். எதற்கென்று அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. தொட்டியைப் பார்த்ததும் அவர் நடை தயங்கியது. ஏழுமலை எதிரே போய், "பாத்துச் சொல்லுங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

அவர் மீட்டரை எடுத்தார். இந்தப் பக்கம் நின்று பார்த்தார். பக்கவாட்டில் ஒதுங்கி நின்று பார்த்தார். வயரை எங்கள் எல்லார் பொறுமையும் போகிற அளவுக்கு மேலே ஏற்றியும் கீழே இறக்கியும் பார்த்தார். பிறகு சொன்னார். "ரெண்டு. ஒத்த ரெண்டு. வேற எதுவும் இல்ல." நானும் பார்த்தேன். இரண்டுதான்.

ஏழுமலை இறங்கினார். மேலே பழைய சூப்பர்வைசர் கயிற்றைப் பிடித்திருந்தார். இன்னொரு கை கொடுக்கப் போன புது சூப்பர்வைசரைக் கிட்டவே விடவில்லை. வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. ஏழுமலை ஏறி வந்தார், முகமூடியைக் கழற்றினார், செருப்பை மாட்டிக்கொண்டு கால் கழுவக் குழாயடிக்கு நடந்தார். வார் இன்னும் உடம்பில்தான் இருந்தது. கயிறு மண்ணில் இழுபட்டுக்கொண்டே பின்னால் போனது. அதன் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்தபடி பழைய சூப்பர்வைசரும் பின்னாலேயே நடந்தார்.

குழாயடியில் ஏழுமலை திரும்பிப் பார்த்தார்.

"சார், விடுங்க சார். டீ குடிக்கப் போவணும்."